இடைப்பலகாரம்

அந்தச் செயலி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே சிகப்பிக்கு அதன் மேல் ஒரு கண். புதுசாக ஒரு ஆள் வாசலில் வந்து நின்று, "ஆச்சி, நல்லா இருக்கீகளா" என்று கேட்டால், "நீ யாரு, யார் வீட்டுப் பிள்ளை, என் சௌரியம் உனக்கு எதுக்கு" என்று விசாரித்த பிறகுதான் வாயைத் திறந்து பதில் சொல்கிற மனுஷி அவள். பால்காரன் பால் ஊற்றும்போது செம்பைப் பார்க்கமாட்டாள், அவன் கையைப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளிடம் ஒரு போன் வந்து, 'உன் புருஷனுக்கு இன்னைக்கு மத்தியானம் இத்தனை யூனிட் இன்சுலின் போடு' என்று சொன்னால் சும்மா விடுவாளா?

காசிவிஸ்வநாதனுக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மாத்திரை போய் ஊசி வந்து, ஒரு ஊசி மூன்று ஊசியானது. போன சித்திரையில் பெங்களூரிலிருந்து வந்த மூத்தவன் கார்த்திக், காரைக்குடி டாக்டரிடம் பேசிவிட்டு, அப்பச்சி என்று அவன் கூப்பிடும் அப்பாவின் மேல்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளையாக ஒன்றை ஒட்டினான். தோலுக்கடியில் மயிரிழைபோல ஒரு கம்பி இருக்கும், அதுபாட்டுக்குச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்றான். அது பார்க்கிறது போனில் ஒரு கோடாக வரும். அதே கோடு ஆத்தா போனிலும் வரும், பெங்களூரில் இவன் போனிலும் வரும். என்ன சாப்பிட்டார் என்று ஆத்தா போட்டுவிட்டால், எவ்வளவு ஊசி என்று செயலி சொல்லும். டாக்டர் போட்ட வரம்புக்குள், நாள்பட நாள்பட அளவை அதுவே திருத்திக்கொள்ளும்.

"அதுவே திருத்திக்கிருமாக்கும்" என்றாள் சிகப்பி. "அப்ப டாக்டர் எதுக்கு?"

"டாக்டரும் பாப்பாரு ஆத்தா."

"நீ பாப்பே, டாக்டர் பாப்பாரு, நான் பாப்பேன். இம்புட்டுப் பேரு பாக்குறதுக்கு உங்க அப்பச்சி என்ன தேரா?"

காசிவிஸ்வநாதன் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். அவர்கள் ஊர் நேமத்தான்பட்டியில் அவரிடம் சண்டை போட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் கிடையாது.

முதல் தகராறு சாப்பாட்டுப் பட்டியலில் வந்தது. செயலியில் பீட்சா இருந்தது, பாஸ்தா இருந்தது, இட்டிலிகூட இருந்தது. வெள்ளைப் பணியாரம் இல்லை. கந்தரப்பம் இல்லை. "எங்க வீட்டுச் சோத்தையே தெரியாதது எங்க வீட்டு ஆளுக்கு ஊசி சொல்லுதாக்கும்" என்று சிகப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார்த்திக் ஒரு வாரம் லீவு போட்டு, ஆத்தா சுட்டதையெல்லாம் தராசில் வைத்து, மாவு எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு உள்ளே ஏற்றினான். சுட்டது சுடச்சுடத் தராசுக்குப் போனதில் அவளுக்கு ஏகக் கோபம்.

ஆனால் ஒன்று. சமைக்கத் தெரிந்தவள் கையில் கோட்டைக் கொடுத்தால் அவள் அதையும் ருசி பார்த்துவிடுவாள். இரண்டு மாதத்தில் சிகப்பிக்குக் கோடு பிடிபட்டுப்போனது. இட்டிலி என்றால் விறுவிறுவென்று ஏறி அதே வேகத்தில் இறங்கும். வெள்ளைப் பணியாரம் எண்ணெய் குடித்தது, கொஞ்சம் தயங்கித்தான் ஏறும். ஆடி மாதம் ஒரே ஒரு நாள் கும்மாயம் கிண்டினாள். உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்துத் திரித்த மாவு, கருப்பட்டி, நெய். அவள் கும்மாயம் பங்காளி வீடுகளில் பேர்போனது. மற்றவர்கள் பாதி வெல்லம் போடுவார்கள், இவள் கருப்பட்டி மட்டும்தான். பாசிப்பருப்பு ஒரு கை கூட. நெய்யை ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று தடவையாக விட்டுக் கிண்டுவாள். காசிவிஸ்வநாதன் ஒரு எலுமிச்சங்காய் அளவு தின்றார். அரைமணி நேரம் கோடு அசையவே இல்லை. அப்புறம் மெல்ல ஏறி, உச்சியில் ஒரு மொட்டைமாடித் தட்டட்டி மாதிரிப் பரந்து நின்று, சாயந்தரம் வரைக்கும் இறங்கவே மனசில்லாமல் இறங்கியது. "இதாரு, நெய் எப்படித் தாங்குது பாரு" என்று சோலையம்மாளிடம் போனைக் காட்டினாள். வீட்டு வேலைக்கு வருகிற சோலையம்மாள், "ஆமா ஆச்சி, மலை கெணக்கா இருக்கு" என்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

புரட்டாசி பிறந்தபோது அந்த மலை மறுபடி வந்தது.

காசிவிஸ்வநாதனுக்குக் காரைக்குடியில் ஒரு இரும்புக்கடை. கூட்டாளி பார்த்துக்கொள்கிறார். இவர் மத்தியானம் வீட்டில் சாப்பிட்டு, ஊசி போட்டுக்கொண்டு, டவுன் பஸ் ஏறிப் போய்ச் சும்மா கல்லாவில் உட்கார்ந்துவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவார். ஒரு செவ்வாய்க்கிழமை அஞ்சு மணி வாக்கில் சிகப்பியின் போன் கத்தியது. கோடு ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பிட்டது சோறும் சுண்டைக்காய்க் குழம்பும். அதற்கு இந்நேரம் இறங்கித்தான் இருக்க வேண்டும்.

வந்ததும் கேட்டாள். "கடையில என்ன சாப்பிட்டீக?"

"ஒண்ணும் இல்லையே. சீனி இல்லாம ஒரு டீ."

"டீக்கு இம்புட்டு ஏறுமா?"

"எனக்கென்ன தெரியும், அந்த மிஷினைக் கேளு" என்று சிரித்துக்கொண்டே கால் கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமையும் ஏறியது. அடுத்த வாரம் மூன்று நாள். அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும். பெங்களூரிலிருந்து கார்த்திக் கேட்டான், "அப்பச்சி நாலு மணிக்கு எதும் சாப்பிடுறாகளா ஆத்தா?"

"இல்லைங்கிறாக. உன் ஆப்தான் பொய் சொல்லுது. கழட்டிப் போடப் போறேன்."

"அது பொய் சொல்லாது ஆத்தா."

"அப்ப உங்க அப்பச்சி பொய் சொல்றாகளா?"

"இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க ஆத்தா" என்றான். இல்லை என்று அவன் மறுக்காதது அவளை என்னமோ செய்தது. இத்தனை வருஷத்தில் காசிவிஸ்வநாதன் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. சொல்லத் தெரியாத மனுஷன். வேண்டாத ஆள் வாசலுக்கு வந்து, 'நான் இல்லைன்னு சொல்லு' என்று சொல்லக்கூட வராது அவருக்கு.

சோலையம்மாள்தான் அடுத்த கங்கைப் போட்டாள். நடுமுற்றத்து வளவைக் கூட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசுவது அவள் வழக்கம்.

"ஆச்சி, நான் சொல்றேன்னு நெனைக்காதீக. அய்யா அன்னைக்கு நம்ம கடை இருக்குற செக்காலை ரோட்டுல இல்லை. அங்குட்டுப் பெரியார் சிலைப் பக்கமா நடந்து போனாகளாம். எங்க பாண்டீஸ்வரன் ஆட்டோவுல வாரப்ப பாத்துருக்கான்."

"போனா என்ன? கால் இருக்கு, நடக்குறாக."

"அதான் ஆச்சி, நானும் அதைத்தான் சொன்னேன். கையில மல்லிகைப்பூ வச்சிருந்தாகளாம்."

உளுந்தை அரித்துக்கொண்டிருந்த சிகப்பி அதே உளுந்தை மறுபடியும் அரித்தாள்.

வயசு அறுபத்திமூணு. முட்டி வலி. மூன்று வேளை ஊசி. இந்த லட்சணத்தில் மல்லிகைப்பூ. நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்புக்கு அடியில் வேறொன்று கிடந்தது. அன்றைக்கு அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது முகர்ந்து பார்த்தாள். பூ வாசம் இல்லை. நெய் வாசம் அடித்தது.

மறுநாள் நாலு மணிக்குப் போனை எடுத்தவள் விளக்கு வைக்கிற வரைக்கும் உற்றுப் பார்த்தாள். அரைமணி நேரம் அசையாமல் கிடந்து, மெல்ல ஏறி, உச்சியில் பரந்து நின்றது கோடு. ஆடியில் அவள் கும்மாயம் கிண்டிய அன்றைய கோட்டைத் தள்ளித் தள்ளித் தேடி எடுத்தாள். இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அச்சாக அதேதான்.

ஓட்டலில் கும்மாயம் கிடைக்காது. கிடைத்தாலும் சீனியும் வெல்லமுமாக இருக்கும், மடமடவென்று ஏறிவிடும். இது கருப்பட்டி மட்டும் போட்டது. நெய்யை மூன்று தடவையாக விட்டது. இது நகரத்தார் வீட்டு அடுப்பு. அதுவும் என் பக்குவம் தெரிந்த அடுப்பு. எவ அவ, என் பக்குவத்தையும் எடுத்துக்கிட்டு என் புருஷனையும் கூப்பிட்டு உக்காரவச்சு நாலு மணிக்கு இடைப்பலகாரம் போடுறவ? புருஷன் போன கோபம் ஒரு பங்கு என்றால், பக்குவம் போன கோபம் இரண்டு பங்கு.

கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார். கையும் களவுமாகப் பிடிக்கிற நாளுக்குக் காத்திருந்தாள்.

இதற்கு நடுவில் செயலி தன்பாட்டுக்கு மத்தியான ஊசியைக் கூட்டிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாக இருந்தது பதினாலானது. பதினாலு பதினாறானது. ஞாயிற்றுக்கிழமை, அவர் கடைக்குப் போகாத அன்று, நாலு மணி தாண்டிக் கை லேசாக நடுங்குகிறது என்றார். சிகப்பி ஒரு வாழைப்பழம் கொடுத்தாள், சரியாகிவிட்டது. 'எவ வீட்டுக்கோ போனா ஏறுது, என் வீட்டுல இருந்தா இறங்குதா' என்று அதற்கும் ஒரு சந்தேகத்தைச் சேர்த்து முடிந்து வைத்துக்கொண்டாள். முடிந்து வைத்தாளே ஒழிய, கூடுகிற ஊசியையும் நடுங்கிய கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அதை நினைத்துப் பின்னால் எத்தனையோ தடவை நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் தொடங்கியதே ஆத்திரத்தோடு தொடங்கியது. புதன்கிழமை காலையில் பிடித்தது விடவே இல்லை. வளவுக்குள் நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கண்மாய் நிறைந்து ரோட்டில் தண்ணீர் போகிறது, பஸ் வராது என்று சோலையம்மாள் நனைந்துகொண்டே வந்து சொன்னாள். மத்தியானம் செயலி பதினெட்டு என்றது. சிகப்பிக்குப் புருவம் ஏறியது. "பதினெட்டாம்" என்றாள். "போட்டுருவோம், அதுக்குத் தெரியாததா" என்று காசிவிஸ்வநாதன் போட்டுக்கொண்டு, சோறும் ரசமும் சாப்பிட்டார். சாப்பிட்டபின் மூன்று தடவை வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தார்.

"பஸ்தான் வராதுங்கிறாகளே, பிறகென்ன வாசலுக்கும் வீட்டுக்குமா நடை?"

"சும்மா, மழை பாக்குறேன்."

"நீங்க பாக்காத மழையா?"

வளவுத் தூணில் சாய்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு மணி தாண்டிப் போன் கத்தியது. இது வேறு கத்தல். சிகப்பி அடுப்படியிலிருந்து ஓடி வந்தபோது அவருக்குச் சட்டை முழுக்க வியர்த்திருந்தது. அவ்வளவு குளிர்காற்றில் வியர்வை சொட்டியது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. "கூப்பிட்டியா, கூப்பிட்டியா" என்று சொன்னதையே சொன்னார். போனில் நாற்பத்தொன்பது. கோடு கிணற்றில் விழுந்த வாளிபோல நேராகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"சோலை, சீனி டப்பாவை எடு."

தண்ணீரில் சீனியைக் கரைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு புகட்டினாள். முதல் வாய் வழிந்துவிட்டது. "முழுங்குங்க. முழுங்குங்கன்னா முழுங்குங்க" என்று அதட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டால், ரோட்டில் தண்ணீர், வரத் தாமதமாகும் என்றார்கள். சிகப்பி அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்தாள். ஆறு மாதமாக அவள் திட்டித் தீர்த்த அந்தக் கோட்டை இப்போது கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறு, ஏறு, ஏறித் தொலை.

ஏறியது. அவருக்குக் கண் வந்து அவள் முகத்தில் நின்றது. "ஏன் அழுகுறே" என்றார்.

கார்த்திக்கைக் கூப்பிட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். "உங்க அப்பச்சியைக் கொல்லப் பாத்துச்சுடா உன் சாப்ட்வேரு. பதினெட்டு போடச் சொல்லிச்சு. படிச்ச பிள்ளை சொல்றான்னு நம்புனேன் பாரு."

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "ஆத்தா, நான் சொல்றதைக் கேளுங்க. அதுக்குக் கண்ணு கிடையாது. நம்ம சொன்னாத்தான் அதுக்குத் தெரியும். தினம் நாலு மணிக்கு மேல சர்க்கரை ஏறுதுன்னு பாத்துச்சு. யாரும் எதுவும் சாப்பிட்டதா எழுதலை. அப்ப மத்தியானச் சாப்பாட்டுக்குப் போட்ட ஊசி பத்தலை போலன்னு எடுத்துக்கிருச்சு. கூட்டிக்கிட்டே போயிருச்சு. ஏறுதேன்னு பாத்த நானும் இறங்குறதைப் பாக்கலை, அது என் தப்பு. இன்னைக்கு அப்பச்சி அந்த நாலு மணிப் பலகாரத்தைச் சாப்பிடலை, ஆனா அதுக்கும் சேத்து ஊசி போட்டாச்சு. அதான் விழுந்துருச்சு."

"அப்ப அங்க போயித் தின்னாத்தான் உயிரோட இருப்பாகளா?"

"எங்க போயி ஆத்தா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

சோலையம்மாளைப் பின்கட்டுக்கு அனுப்பினாள். நாற்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவர் ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது.

"எந்த வீட்டுக் கும்மாயம்?" என்றாள்.

அவர் கையிலிருந்த ரொட்டி பாலுக்குள் விழுந்தது. "உனக்கு யாரு சொன்னா கும்மாயம்னு?"

"யாரும் சொல்ல வேணாம். கோடு சொல்லுது. கருப்பட்டி மட்டும். நெய்யி மூணு தடவை. எவ அவ?"

காசிவிஸ்வநாதன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மழைத்தண்ணீர் போகிற கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாச்சியப்பன் வந்துட்டான் சிகப்பி. காரைக்குடிக்கே வந்துட்டான்."

நாச்சியப்பன் அவர்களுடைய இரண்டாவது பிள்ளை. அவர்களுடையதாக இருந்த பிள்ளை. கண்டரமாணிக்கத்துப் பங்காளி மீனாட்சிசுந்தரத்துக்குப் பிள்ளை இல்லை. நகரத்தாரில் அப்படிப்பட்ட வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டுவது வழக்கம். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், காசிவிஸ்வநாதன் சரியென்றார், சிகப்பியும் தலையை ஆட்டினாள். ஏழு வயசுப் பிள்ளை மஞ்சள்நீரைக் குடித்துவிட்டு அந்த வீட்டுப் பிள்ளை ஆனான். அன்றைக்குத் திரும்பி வரும்போது காரில் அவள் சொன்னாள், "குடுத்தது குடுத்ததுதான். இனி அந்த வாசலை நான் மிதிக்கமாட்டேன், நீங்களும் மிதிக்கக்கூடாது. பாதி பிள்ளை அங்க பாதி பிள்ளை இங்கன்னு இருந்தா அவன் எங்கயும் வேர்விட மாட்டான்." காசிவிஸ்வநாதன் அதற்கும் சரியென்றார். அவர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள். பிறகு எங்காவது கல்யாணம் காட்சியில் பார்த்தால், "நல்லா இருக்கீகளா" என்று அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கேட்கிற மாதிரிக் கேட்பாள். அவனும் "நல்லா இருக்கேன் பெரியாத்தா" என்பான். வீட்டுக்கு வந்து ஒரு நாள் பூராவும் யாரோடும் பேசமாட்டாள்.

"மீனாட்சிசுந்தரம் தவறிப்போன பிறகு, சென்னையில இருக்க வேணாம்னு வந்துட்டாக" என்றார் அவர். "சோலார் தகடு யாவாரம் பாக்குறான். கடைக்கு ஆணி வாங்க வந்தான். பாத்துட்டு நான்தான் போனேன். அவன் கூப்பிடலை. அவனை வளத்த ஆச்சிக்குப் படுக்கைதான், பூன்னா பிரியமாம், வாங்கிட்டுப் போவேன். உன்கிட்டச் சொல்ல வாய் வரலை. சொன்ன வார்த்தையை மீறிட்டேன்ல."

"என்கிட்டச் சொல்லாட்டிப் போகுது. டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? கார்த்திக்கிட்ட?"

"எழுதுனா உன் போன்ல வருமே."

அவளுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. "கருப்பட்டிதானே, என்ன செய்யப்போகுதுன்னு நெனச்சீக. அதானே?"

"அதும்தான்" என்றார். பிறகு மெதுவாக, "இனிப் போகலை சிகப்பி. உசிரு போயித் திரும்பி வந்துருக்கு. அளவுலதான் இருக்கணும். போகலை."

மறுநாள் டாக்டர் போனிலேயே கோட்டைப் பார்த்துவிட்டு, மத்தியான ஊசியைப் பழைய பன்னிரண்டுக்கே இறக்கினார். தெரியாமல் ஒன்றைத் தின்றுவிட்டு மிஷினைக் குற்றம் சொல்லக்கூடாது என்று காசிவிஸ்வநாதனைக் கண்டித்தார். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையை ஆட்டினார். கடைக்கும் போகவில்லை. ரோடு வற்றிப் பஸ் வந்தது, போனது, அவர் எழுந்திருக்கவில்லை.

கோடு ஒழுங்காகிவிட்டது. செயலி பச்சை நிறத்தில், 'நன்று' என்று போட்டது. நாலு மணிக்கு ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, நடுவில் நேராகப் போனது. சிகப்பி வேலைக்கு நடுவில் வந்து வந்து பார்த்தாள். இப்படி வரவேண்டும் என்றுதானே மகன் இதை ஒட்டிவிட்டுப் போனான். அவர் நாலு மணியானால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், பிறகு அதைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொள்வதுமாக இருந்தார். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் தேவைக்கு மேல் பேசவில்லை. அவளுக்கு அவர் மேல் கோபம் இருந்தது. தன்னை விட்டுவிட்டுத் தான் மட்டும் போய்ப் பார்த்தாரே என்கிற கோபம் அது என்று அவளுக்கே நாலாம் நாள்தான் விளங்கியது. விளங்கியதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், அவருடைய சட்டையைத் தேய்த்துக் கொண்டுவந்து நாற்காலிக் கையில் போட்டாள்.

"பஸ் போயிரும், கிளம்பலையா?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். வேவு பார்க்கிறாளோ என்ற பயம் அவருக்கு. "எங்க?"

"தினம் போற இடத்துக்குத்தான். ஒளிச்சுக்கிட்டுப் போனாத்தான் உசிருக்குக் கேடு. சொல்லிட்டுப் போங்க, அதுக்குத் தக்கன ஊசியை அங்க வச்சுப் போட்டுக்கிரலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் கேட்டுட்டேன். ஊசிப் பேனா பையில இருக்கு. நான் எம்புட்டுன்னு சொன்ன பிறகுதான் போடணும்."

அவர் சட்டையை மாட்டும்போது பித்தான் மாறிப்போனது. அவளே சரி செய்தாள். நாச்சியப்பன் நம்பரைக் கேட்டாள். தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருந்தது. எவ்வளவு மாவு, எவ்வளவு கருப்பட்டி என்று தெரியாமல் செயலியில் எதைப் போடுவது?

பஸ் போன சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"அலோ."

"நேமத்தான்பட்டியில இருந்து பேசுறேன்."

அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சாமான் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"சொல்லுங்க" என்றான். பெரியாத்தா என்று சேர்க்கவில்லை.

"அவுக கிளம்பிட்டாக. நாலு மணிக்கு வருவாக. என்ன குடுப்பீகன்னு தெரியணும். அதுக்குத் தக்கன ஊசி."

"விழுந்துட்டாகன்னு கடையில சொன்னாக. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. கருப்பட்டிதானேன்னு..."

"அந்த வீட்டுலயும் 'கருப்பட்டிதானே'ங்கிற பேச்சுத்தானா. விடுங்க. கும்மாயத்துக்கு எம்புட்டு மாவு, எம்புட்டுக் கருப்பட்டி? வீட்டுல சௌபர்ணிகாவைக் கேட்டுச் சொல்லுங்க, நான் இருக்கேன்." மருமகள் பேரை அவர் வாய் வழியாக அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருந்தாள். பழக்கமான பேரைப்போல அதைச் சொல்லிப் பார்த்தாள்.

"அவளுக்குத் தெரியாது" என்றான். "நான்தான் கிண்டுறது."

"நீங்களா?"

"ஆமா. ஒரு உழக்கு மாவுக்கு முக்கால் கருப்பட்டி. பாசிப்பருப்பு ஒரு கை கூட. நெய்யி மூணு தடவையா."

சிகப்பி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலை. பாத்ததுதான். அடுப்புக்கிட்ட உக்காந்திருப்பேன்ல. கரண்டியில ஒட்டுனதை வழிச்சுக் குடுப்பீகளே. மெட்ராஸ்ல போயி ரொம்ப நாள் அந்த ருசி வரலை. கிண்டிக் கிண்டிப் பாத்து வந்துருச்சு."

எவளோ தன் பக்குவத்தைத் திருடிவிட்டாள் என்று ஒரு மாதமாக வயிறெரிந்து கிடந்ததை நினைத்தாள். திருடினவன் கரண்டியை நக்கிக்கொண்டு அவள் முட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன். மஞ்சள்நீர் குடித்தபோது அந்த வீட்டுக்கு வெறுங்கையோடுதான் அனுப்பினோம் என்று நினைத்திருந்தாள். அவன் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறான்.

"இருக்கீகளா?" என்றான்.

"இருக்கேன்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இந்தாரு, எலுமிச்சங்காய் அளவுக்கு மேல குடுக்காதே. கேப்பாக, குடுக்காதே. தட்டுல வச்சுட்டு ஒரு போட்டா பிடிச்சு அனுப்பு, நான் பாத்துட்டு ஊசி சொல்றேன். தினம் கூடாது, செவ்வாயும் வெள்ளியும் போதும்."

"சரி." கொஞ்சம் தயங்கினான். "அளவு சரியா இருக்கான்னு நீங்களே ஒரு நாள் வந்து பாத்துச் சொன்னா நல்லது."

அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "மொதல்ல போட்டாவை அனுப்பு" என்று வைத்துவிட்டாள்.

நாலு மணிக்குப் போட்டா வந்தது. சில்வர் தட்டில் ஒரு உருண்டை, பக்கத்தில் அளவுக்காக ஒரு எலுமிச்சங்காயையே வைத்திருந்தான். தட்டின் விளிம்பில் அவன் பெருவிரல் தெரிந்தது. சிகப்பி அந்த விரலைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு செயலியைத் திறந்தாள். காலை, மதியம், இரவு என்றுதான் அதில் இருந்தது. கார்த்திக் சொல்லிக்கொடுத்தபடி புதுசாக ஒரு வேளையைச் சேர்த்தாள். பேர் கேட்டது. 'நாச்சியப்பன்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் போட்டாள். ஒருமுறை மட்டுமா, வாராவாரமா என்று கேட்டது. வாராவாரம் என்பதைத் தொட்டாள். நாலு யூனிட் என்றது. புருஷனைக் கூப்பிட்டு நாலு என்றாள்.

"ஆச்சி, விளக்கு வைக்கலையா" என்று சோலையம்மாள் வந்து கேட்கும்போது சிகப்பி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோடு அரைமணி நேரம் அசையாமல் கிடந்து, பிறகு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அது கத்தவில்லை.

"இரு, வாரேன்" என்றாள் சிகப்பி. "என் பிள்ளை கிண்டுனது, எப்படித் தாங்குதுன்னு பாத்துட்டு வாரேன்."